மின்பதிவு அஞ்சல்: சான்று பெறுபவர் கையிலும் இருக்கட்டும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பதிவு அஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் நல்ல சேதியாக இருப்பதில்லை. வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்ற அறிவிப்பு, கடன் நிலுவைக்கு வழக்கறிஞர் அனுப்பும் கடிதம், தவணையில் வாங்கிய வேனைப் பறிமுதல் செய்வதற்கு முந்தைய எச்சரிக்கை, நீதிமன்றச் சம்மன் என்று அது பல உருவில் வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். தவணைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி, வாகனத்தைப் பறிமுதல் செய்யுமுன் குறைந்தது 21 நாள் அவகாசம் தரும் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வருமான வரிக் கணிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, கணிப்பு அறிவிப்பு சார்வு செய்யப்பட்டதிலிருந்து, அதாவது முறைப்படி கொடுக்கப்பட்டதிலிருந்து, 30 நாள்தான் உண்டு. வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் முறையிட வேண்டும். கடிதம் கைக்கு வரத் தாமதமானால் உரிமையே கைநழுவிப் போகலாம்.

இத்தகைய கடிதங்கள் உலகெங்கும் தாளிலிருந்து மின்வழிக்கு நகர்ந்து வருகின்றன. பல நாட்டு அஞ்சல் துறைகள் 'மின்பதிவு அஞ்சல்' என்ற சேவையை முயன்று பார்த்துவிட்டன. சில வென்றன, சில மூடப்பட்டன. அந்தச் சேவையைப் பயனருக்கு ஏற்றதாகச் செம்மைப்படுத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பயனர் என்றதும் பணம் கட்டி அனுப்புகிறவரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெறுகிறவரும் பயனர்தான். இந்தச் சேவையின் வெற்றியும் தோல்வியும் அவரிடமே இருக்கிறது என்பது உலக அனுபவங்களை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தாள் அஞ்சல் தந்த காப்பு

பதிவு அஞ்சலின் பலம் சட்டத்திலிருந்து வருகிறது. மலேசியாவின் சட்ட விளக்கச் சட்டங்கள் 1948, 1967 (சட்டம் 388), 12-ஆம் பிரிவில் ஓர் அனுமானத்தை வைத்திருக்கின்றன. ஆவணத்தை அஞ்சலில் சார்வு செய்யலாம் என்று ஏதேனும் ஒரு சட்டம் சொன்னால், சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் சேர்த்தாலே போதும். மாறாக நிரூபிக்கப்படும்வரை, வழக்கமாகக் கடிதம் சேர வேண்டிய நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். நீதிமன்ற விதிகள் 2012-உம் வழக்கு ஆணையை நேரில் கொடுக்கலாம், அல்லது கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு ஏ.ஆர். (பெற்றதற்கான ஒப்புகை) பதிவு அஞ்சலில் அனுப்பலாம் என்கின்றன.

இங்கேதான் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. அனுப்பியதற்கான ரசீது போதுமா, பெற்றவர் கையெழுத்திட்ட ஏ.ஆர். அட்டை திரும்பி வர வேண்டுமா? மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றமே இதில் எப்போதும் ஒரே பக்கம் நிற்கவில்லை. அனுப்பியதை நிரூபித்தால் போதும் என்றது 2008-இல் வெளிவந்த ஒரு தீர்ப்பு. பின்னர் வந்த மற்றொரு தீர்ப்பு, கையெழுத்தான அட்டையின் தேவையை வலியுறுத்தியது. அனுப்பியவரின் சான்றும் பெற்றவரின் சான்றும் வேறுவேறு என்பதை நீதிபதிகளே விவாதிக்க வேண்டியிருந்தது.

தாள் அஞ்சலுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஓர் உறை போய்ச் சேர்ந்ததைத்தான் அது காட்டும். உறைக்குள் என்ன இருந்தது என்பதைக் காட்டாது. 'வெறும் தாள்தான் வந்தது' என்று பெற்றவர் சொன்னால், அனுப்பியவர் வேறு சாட்சி தேட வேண்டியதுதான்.

கடை முகவரிகளின் நிலையும் சிக்கலானது. மாடிக் கடைகளுக்குப் பொதுவான அஞ்சல் பெட்டிகள்தான். ஒப்பந்தம் முடிந்து இடம் மாறியவரின் பெயர் பழைய முகவரியிலேயே தங்கிவிடும். சிறு தனியார் ('சென்டிரியான் பெர்ஹாட்') நிறுவனங்கள் பலவற்றின் பதிவு அலுவலகம் அவற்றின் கடையாக இருப்பதில்லை. நிறுவனச் செயலாளரின் அலுவலகமாகவே இருக்கும். நிறுவனச் சட்டம் 2016-இன்படி, கடன் கோரும் சட்ட அறிவிப்பு அந்தப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கப்பட்டு 21 நாளில் பதில் இல்லையென்றால், கடனைத் தீர்க்க இயலாத நிறுவனம் என்று அதைக் கருத இடமுண்டு. கடைக்காரர் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே வேறோர் ஊரில், வேறொரு மேசையில் அவருடைய 21 நாள் கரைந்துகொண்டிருக்கும்.

மின்வழியில் என்ன நடக்கிறது

மின்பதிவு அஞ்சல் நான்கு கேள்விகளுக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும்: அனுப்பியது யார், அனுப்பியது என்ன, எப்போது, பெற்றது யார். சாதாரண மின்னஞ்சல் இந்த நான்கில் ஒன்றுக்கும் உறுதியான பதில் தராது. அனுப்புநர் பெயரைப் போலியாக எழுதலாம், நேரத்தை மாற்றலாம், கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போனதா என்பதே தெரியாமல் போகலாம்.

மின்பதிவு அஞ்சலில், ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் கொண்டு குறுகிய எண் தொடர் ஒன்று உருவாக்கப்படுகிறது. ஆளுக்கு ஆள் மாறும் கைரேகை போல, ஓர் எழுத்து மாறினாலும் இந்தத் தொடர் மாறிவிடும். இதன்மேல் சேவை நிறுவனம் தன் இலக்கவியல் கையொப்பத்தையும் நம்பகமான நேர முத்திரையையும் பதிக்கிறது. இரு பக்கத்து ஆட்களின் அடையாளமும் சரிபார்க்கப்படுகிறது. உறைக்குள் என்ன இருந்தது என்ற பழைய வழக்கு இங்கே எழாது. தாளைவிட மின்வழி மேலானது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

1874-இல் தொடங்கிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் இதை அஞ்சல் துறையின் பணியாகவே ஏற்றுக்கொண்டது. 2012-இல் தோஹாவில் கூடிய அதன் மாநாடு, மின்பதிவு அஞ்சல், மின்சான்று முத்திரை, மின் அஞ்சல் பெட்டி ஆகியவற்றை ஒப்பந்த விதிகளில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2014-இல் நிறைவேற்றிய 910-ஆம் எண் ஒழுங்குவிதியில், தகுதிபெற்ற மின்பதிவுச் சேவை வழியே போன ஆவணத்தின் முழுமைக்கும், அது அனுப்பப்பட்ட, பெறப்பட்ட நேரத்துக்கும் சட்ட அனுமானம் தந்தது. தொழில்நுட்பமும் சட்டமும் இருந்தும் மக்கள் பயன்பாடு நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

நாடுகள் கண்ட அனுபவம்

இத்தாலி 2005 பிப்ரவரியில் 68-ஆம் எண் ஆணையின் மூலம் சான்றுபெற்ற மின்னஞ்சலுக்கு வடிவம் கொடுத்தது. அனுப்பியவருக்கு இரண்டு ரசீதுகள் வரும்: கடிதத்தை ஏற்றுக்கொண்டதற்கு ஒன்று, பெறுநரின் பெட்டியில் சேர்த்ததற்கு ஒன்று. நிகழ்வுப் பதிவுகளைச் சேவை நிறுவனம் 30 மாதம் காக்க வேண்டும். நிறுவனங்களும் தொழில்முறையாளர்களும் இத்தகைய முகவரி வைத்திருக்க வேண்டும் என்று அடுத்து வந்த சட்டங்கள் கட்டாயமாக்கின. அந்த முகவரிகளுக்குப் பொது அடைவு உருவானது. 2023-இல் குடிமக்களுக்கும் தனி அடைவு திறக்கப்பட்டது. இதனால் சேவை பரவலாக வேரூன்றியது. ஆனால் கடிதம் பெட்டியில் விழுந்த கணமே சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. திறந்து படித்தாரா என்பது கணக்கில் வருவதில்லை. பெட்டியைத் திறக்க மறந்தவர் தலையில் முழுச் சுமையும் இறங்குகிறது.

ஜெர்மனியின் கதை வேறு. அஞ்சல் நிறுவனம் 2010-இல் தன் 'இ-போஸ்ட்பிரீஃப்' சேவையைத் தொடங்கியது. கட்டணம் 55 யூரோ சென்ட். அப்போதைய சாதாரணக் கடித முத்திரைக்கும் அதே விலைதான். 2011-இல் 'டி-மெய்ல்' சட்டம் வந்து, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மற்றொரு சேவையைத் தொடங்கின. இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை. சாதாரண மின்னஞ்சலோடும் டி-மெய்லுக்குத் தொடர்பில்லை. எழுத ஆளில்லாத முகவரி எதற்கு என்று மக்கள் ஒதுங்கினர். டாய்ச்ச டெலிகாம் 2022-இல் தன் டி-மெய்ல் சேவையை மூடியது. சட்டமும் மறையீட்டுத் தொழில்நுட்பமும் இருந்தும், பெறுநர் கூட்டம் சேராததால் அது நிலைக்கவில்லை.

பிரான்ஸ் பெறுநரை நினைத்துச் சட்டம் வகுத்தது. 2018 மே மாத ஆணை 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில்முறையில் இல்லாத தனிமனிதருக்கு மின்பதிவுக் கடிதம் அனுப்ப அவருடைய முன்சம்மதம் வேண்டும். கடிதம் ஒன்று காத்திருக்கிறது என்ற அறிவிப்பு முதலில் போகும். ஏற்கவோ மறுக்கவோ 15 நாள் உண்டு. அந்த அறிவிப்பில் அனுப்பியவர் யார் என்று காட்டப்படாது. பெயரைப் பார்த்து மறுப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு. அனுப்புநர், பெறுநர் இருவர் நலனையும் ஒரே தராசில் வைத்த சட்டம் இது.

டென்மார்க் கட்டாயத்தின் வழியே போனது. 2014 நவம்பர் முதல் அரசுக் கடிதங்கள் குடிமக்களின் மின்பெட்டிக்கே போகின்றன. இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். தாள் கடிதம் மிகவும் குறைந்துபோய், நாட்டின் பழைய அஞ்சல் நிறுவனமே 2025 இறுதியோடு கடித விநியோகத்தை நிறுத்தி, அந்தப் பணியை வேறு நிறுவனத்திடம் விட்டது. பெரும்பாலோருக்கு மின் அடையாளமும் இணையமும் பழகிப்போன சிறிய நாட்டில் இது இயன்றது.

இந்திய அஞ்சல் துறை 2004-இல் 'இ-போஸ்ட்' தொடங்கியது. ஓர் ஊரில் தட்டச்சு செய்த செய்தி இன்னோர் ஊரில் அச்சாகி, தபால்காரர் கையில் வீடு வந்து சேரும். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்தார்கள். அடுத்த மாதமே, கூடுதலாக ஐந்து ரூபாய்க்குப் பதிவு வசதி, இன்னுமோர் ஐந்து ரூபாய்க்கு ஒருமுறைக் கடவெண் சரிபார்த்துக் கொடுக்கும் வசதி என்று கட்டணத்தை வகுத்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சார்வு செய்ய இடம் கொடுத்தது. ஆனால் 2025 ஜனவரியில், விசாரணைக்கு ஆஜராகும்படி காவல்துறை அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றது. ஒருவருடைய சுதந்திரமே பணயமாக இருக்கும் கடிதத்துக்குக் கூடுதல் காப்பு வேண்டும் என்பதே இதன் சாரம்.

இவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முகவரி அடைவு இல்லாத மின்பதிவு அஞ்சல் நிலைக்காது. பெறுநருக்குப் பாதுகாப்பு இல்லாமல் கட்டாயம் மட்டும் இருந்தால் அநீதி விளையும். தாளுக்கும் மின்வழிக்கும் இடையே பாலம் வைத்திருக்கும் அஞ்சல் துறைக்கு, வேறு எந்த நிறுவனத்துக்கும் இல்லாத வாய்ப்பு உண்டு.

மலேசியாவிடம் இருக்கும் உறுப்புகள்

மலேசியா வெறுங்கையோடு நிற்கவில்லை. இலக்கவியல் கையொப்பச் சட்டம் 1997-இலேயே நிறைவேறியது. ஆசியாவில் இப்படி முந்திக்கொண்ட நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றிதழோடு இட்ட கையொப்பம், பேனாக் கையொப்பத்துக்கு நிகர் என்றும், நேர முத்திரைச் சேவைகளுக்கும் அங்கீகாரம் உண்டு என்றும் அது சொல்கிறது. நாட்டின் அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவின் குடும்பத்திலேயே போஸ் டிஜிசர்ட் என்ற உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் இருக்கிறது. மின்வணிகச் சட்டம் 2006 மின்செய்திக்குச் சட்ட மதிப்புத் தந்தது; கூடவே, சம்மதமில்லாத ஒருவரை மின்செய்தியை ஏற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 3-ஆம் பிரிவில் வரம்பும் கட்டியது. உயில், அறக்கட்டளை ஆவணம், பகர அதிகாரப் பத்திரம் போன்றவை அச்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. அஞ்சல் சேவைச் சட்டம் 2012-இன்படி, அஞ்சல் துறை தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. 2001 முதல் சில்லு பதித்த மைகாட் அடையாள அட்டை மக்கள் கையில் இருக்கிறது. அண்மையில் மைடிஜிட்டல் ஐடி என்ற மின் அடையாளமும் வந்திருக்கிறது.

வணிகர்களும் மின்வழிக்குப் புதியவர்கள் அல்லர். வரிப் படிவத்தை இணையத்தில் நிரப்புகிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல் பெருநிறுவனங்களில் தொடங்கிய மின்விலைப்பட்டியல் முறை கட்டங்கட்டமாக மற்றவர்களையும் தொட்டு வருகிறது. கியூஆர் குறியீடு ஒட்டாத பூக்கடையை மஸ்ஜித் இந்தியாவில் தேடித்தான் பார்க்க வேண்டும். உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பெறுநர் பக்கமிருந்து பார்த்து ஒன்றாகக் கோக்கும் வேலைதான் எஞ்சியிருக்கிறது.

செம்மைப்படுத்த வேண்டியவை

முதலாவது, நம்பிக்கை. அஞ்சல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, 'உங்கள் பொட்டலம் நிற்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்' என்று வரும் மோசடிச் செய்தியைப் பார்க்காத மலேசியர் அரிது. இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023 தொடங்கிக் கட்டங்கட்டமாகத் தடுத்து வந்ததே இதனால்தான். எனவே மின்பதிவு அஞ்சலின் அறிவிப்பில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. 'உங்களுக்கு ஒரு பதிவுக் கடிதம் காத்திருக்கிறது. அஞ்சல் செயலியைத் திறந்தோ, அஞ்சலகத்துக்கு வந்தோ பாருங்கள்' என்ற ஒரே வாசகம் எப்போதும் மாறாமல் வரட்டும். வாசகம் மாறினால், இணைப்பு இருந்தால், பணம் கேட்டால், அது போலி என்று ஒரு சிறுவனுக்கும் தெரியும்படி அந்த விதி எளிமையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். தனிமனிதருக்கு வரும் கடிதம் பெட்டியில் விழுந்த கணத்திலேயே கெடு தொடங்கக் கூடாது. அவர் திறந்த நாளிலிருந்து தொடங்கட்டும். குறித்த நாளுக்குள் திறக்கவில்லையென்றால், அதே ஆவணம் அஞ்சலகத்தில் அச்சாகித் தபால்காரர் வழியே முகவரிக்குப் போகட்டும். அது சேர்ந்த நாள் கணக்கில் வரட்டும். மின்னஞ்சல் நிறுவனங்களால் இதைச் செய்ய இயலாது; தெருத் தெருவாக ஆள் வைத்திருக்கும் அஞ்சல் துறையால் இயலும். போட்டியில் அதன் கையில் இருக்கும் வலுவான சீட்டு இதுவே. வணிக நிறுவனங்களுக்குக் கடுமையான விதி இருக்கலாம். ஆனால் நிறுவனச் செயலாளரோடு, இயக்குநர்களின் கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்புப் போக வேண்டும். அந்த ஒரு மாற்றமே 21 நாள் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, மொழி. கடிதத்தின் உள்ளடக்கம் அனுப்பியவர் எழுதிய மொழியில்தான் இருக்கும். சட்ட ஆவணத்தை அஞ்சல் துறை மொழிபெயர்க்க முடியாது. ஆனால் மேலுறைக் குறிப்பு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் இருக்கலாம். 'இது நீதிமன்ற ஆவணம்', 'இது கடன் அறிவிப்பு', 'இத்தனை நாளில் பதில் தர வேண்டியிருக்கலாம்', 'இலவசச் சட்ட உதவிக்கு இங்கே போகலாம்' என்ற நான்கு வரி, கிள்ளானில் பேரப்பிள்ளையின் உதவியை எதிர்பார்த்திருக்கும் ஒரு பாட்டிக்குக் கிடைக்கும் பெரிய ஆதரவு. கடித வகையை அனுப்புநரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தால், நான்கு மொழிக் குறிப்பும் தானாகவே உருவாகும்.

நான்காவது, அடையாளம். மைகாட்டை மட்டுமே நம்பும் அமைப்பு, மஸ்ஜித் இந்தியாவின் உணவகங்களிலும் கடைகளிலும் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திவிடும். பணிநீக்கக் கடிதமும் சம்பள வழக்கும் அவர்களுக்கும் உண்டு. கடப்பிதழைக் காட்டி அஞ்சலகச் சாளரத்தில் பதிந்துகொள்ளும் வழி அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அதுபோலவே, நம்பகமான ஒருவரைப் பதிலாளாக அமர்த்தும் உரிமை முதியவர்களுக்கு வேண்டும். மகன் பார்க்கலாம், ஆனால் தாயின் சார்பில் மறுக்க முடியாது என்று அதிகாரத்தைப் பிரித்தளிக்கவும் வழி இருக்க வேண்டும்.

ஐந்தாவது, சான்றின் உடைமை. இன்றைய அமைப்புகளில் ரசீது அனுப்பியவருக்குப் போகிறது. அவர்தான் அதை நீதிமன்றத்தில் நீட்டுகிறார். பெற்றவருக்கும் அதே எடையுள்ள சான்று வேண்டும்: எந்த நேரத்தில் அறிவிப்பு வந்தது, எப்போது திறக்கப்பட்டது, எந்தெந்த இணைப்பு ஆவணங்கள் இருந்தன என்று. அது சேவையை விட்டு விலகிய பிறகும் எவரும் சரிபார்க்கக்கூடிய கோப்பாக, இலவசமாகக் கிடைக்க வேண்டும். பிரான்சில் சான்றுகளை ஓராண்டுக்குக் குறையாமலும், இத்தாலியில் 30 மாதமும் காக்கிறார்கள். மலேசியாவில் ஒப்பந்த வழக்குகளுக்கான காலவரம்பு பொதுவாக ஆறு ஆண்டு; சான்றைக் காக்கும் காலமும் அதற்கு ஈடாக இருப்பதே நியாயம்.

ஆறாவது, கட்டணமும் தடங்கலும். தாள் அஞ்சலின் விலையையே மின்வழிக்கும் கேட்டால், ஜெர்மனியில் போல இங்கேயும் மக்கள் ஒதுங்கக்கூடும். பெறுநரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. சேவை தடைபட்ட மணி நேரங்களை அஞ்சல் துறையே பொதுவில் வெளியிட வேண்டும். அந்த நேரத்தில் முடிந்த கெடுக்கள் தாமாகவே நீள வேண்டும். பெட்டியில் கிடக்கும் கடிதங்களைத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் அளவுக்கு மட்டும் காப்பதும் போதாது. கடிதத்தின் உள்ளடக்கத்தை அஞ்சல் நிறுவனமே படிக்க முடியாதபடி மறையீடு செய்வதுதான் உறையை ஒட்டி அனுப்பிய காலத்து நாணயத்துக்கு ஈடாகும்.

எங்கிருந்து தொடங்கலாம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை. நிறுவனங்களுக்கு இடையிலான கடிதங்களில் தொடங்குவது சரி. இத்தாலியும் டென்மார்க்கும் குடிமக்களுக்கு முன் நிறுவனங்களைத்தான் சேர்த்தன. நிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் முகவரிகளோடு மின்பெட்டி முகவரி ஒன்றைச் சேர்த்தால் அடைவு பிறந்துவிடும். அடுத்து, சம்மதம் கொடுத்த தனிமனிதர்கள். நீதிமன்றச் சம்மன், காவல்துறை அறிவிப்பு, வீட்டை விட்டு வெளியேற்றும் ஆணை ஆகியவை கடைசிக் கட்டத்தில், தாள் நகலோடு சேர்ந்தே வரட்டும். சட்ட விளக்கச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மின்பதிவு அஞ்சலையும் தழுவும்படி திருத்தப்படும் நாளில், பெறுநருக்கான மேற்சொன்ன காப்புகளும் அதே திருத்தத்தில் எழுதப்பட வேண்டும். அனுமானத்தை முதலில் கொடுத்துவிட்டுக் காப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பிறகு பார்ப்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

வெற்றியை அளக்கும் கோலையும் மாற்ற வேண்டும். எத்தனை கடிதம் அனுப்பப்பட்டது என்பது நிறுவனத்தின் வருவாய்க் கணக்கு. கெடுவுக்கு முன்பே எத்தனை பேர் திறந்தார்கள், திறக்காதவர்கள் ஏன் திறக்கவில்லை, எத்தனை கடிதம் தபால்காரர் கைக்குத் திரும்பியது என்பதே மக்களின் கணக்கு. இந்த எண்களை ஆண்டுதோறும் தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிடட்டும். வணிகர் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், தமிழ் நாளேடுகளும் அவற்றைக் கேட்டு வாங்கட்டும். அனுப்பியவருக்குச் செலவு குறைந்தது என்பதற்காக மட்டும் இந்தச் சேவையைச் சீர்திருத்தம் என்று நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஒருவர் தமக்கு வந்த கடிதத்தை உரிய காலத்தில் அறிந்து, புரிந்து, பதில் சொல்லும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருந்தால் மட்டுமே அந்தப் பெயருக்கு இது தகும்.